மாருத்: எஞ்சினுக்குக் காத்திருந்த விமானம்

சீவக சிந்தாமணியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், மயிற்பொறி வரும் இடத்தில் கடைசி வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருவதை நாம் கண்டிருக்கிறோம். மனைவி கண்ட தீக்கனவின் பொருளை உணர்ந்த சச்சந்தன், கருவுற்றிருக்கும் விசயையைக் காப்பதற்கென்று கம்மியனைக் கொண்டு பறக்கும் பொறியொன்றைச் செய்விக்கிறான். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு என்று அதற்கான பொருள்களைத் திருத்தக்கதேவர் அடுக்கிச் சொல்கிறார். ஒருபுறம் திருகினால் மேலெழும், மறுபுறம் திருகினால் கீழிறங்கும் என்று இயக்கும் முறையையும் சொல்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இதில் எஞ்சின் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டோம்.

அது சிரித்துக் கடந்துவிடக் கூடிய கேள்வியன்று என்பது பின்னர் இந்திய வானூர்தித் தொழிலின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோதுதான் நமக்குத் தெரிந்தது. விமானத்தின் உடலைச் செய்வது ஒரு கலை. அதை உந்தும் எஞ்சினைச் செய்வது முற்றிலும் வேறொரு கலை. விடுதலை பெற்ற இந்தியா முதற்கலையைப் பதினைந்தே ஆண்டுகளில் வியக்கத்தக்க அளவு கற்றுக்கொண்டது. இரண்டாவதை இன்றுவரை முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட ஒரு விமானத்தின் கதையே இக்கட்டுரை. (உந்துபொறி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. ஆயினும் பட்டறையிலும் கடைத்தெருவிலும் எஞ்சின் என்றே வழங்குவதால் நாமும் அவ்வாறே எழுதுகிறோம். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.)

கதை ஒரு வணிகரிடமிருந்து தொடங்குகிறது. வால்சந்த் ஹிராசந்த் கப்பல், சர்க்கரை, கட்டுமானம் எனப் பல தொழில்களில் கைவைத்தவர். வில்லியம் பாலி என்ற அமெரிக்கரின் துணையுடன் இந்தியாவில் விமானத் தொழிற்சாலை அமைக்க முனைந்தார். நிலமும் முதலும் தந்து ஆதரிக்க மைசூர் அரசு முன்வந்தது. அப்போது அங்குத் திவானாக இருந்தவர் மிர்சா இஸ்மாயில். 1940 டிசம்பர் 23 அன்று பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பதிவாயிற்று. மறு ஆண்டே ஹார்லோ என்னும் சிறு பயிற்சி விமானம் அங்கிருந்து வெளிவந்தது. ஆனால் அது உலகப்போர்க் காலம். ஜப்பானியர் பர்மா வரை வந்துவிட்டனர். 1942இல் பிரிட்டிஷ் இந்திய அரசு வால்சந்தின் பங்கை வாங்கி நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க வான்படையின் பழுதுபார்ப்பு நிலையமாயிற்று. விமானம் செய்யத் தொடங்கிய இடம் விமானத்தைச் செப்பனிடும் இடமாக மாறியது.

இதை இழப்பு என்று மட்டும் சொல்வதற்கில்லை. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் அங்கேதான் நவீன விமானங்களைப் பிரித்துப் பூட்டக் கற்றனர். அதன் பயன் போர் முடிந்த பின் தெரிந்தது. அமெரிக்கர்கள் நாடு திரும்புகையில், கான்பூரில் நிறுத்தியிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை வேறு எவரும் பயன்படுத்த இயலாதவாறு சிதைத்துவிட்டுச் சென்றனர். அந்தக் குவியலிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களைப் பறக்கும் அளவுக்குத் தேற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, முழுமையாகப் புதுக்கி விமானப்படையிடம் அளித்தனர் நம் தொழிலாளர்கள். அவ்விமானங்கள் 1968 வரை பணியில் இருந்தன. கிழிந்த ஏடுகளிலிருந்து நூலை மீட்டவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த மீட்பைப் பற்றியும் யாரேனும் விரிவாக எழுத வேண்டும்.

1951 ஆகஸ்டில் எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் பறந்தது. இது முழுக்க இந்திய வடிவமைப்பு. இதன் தலைமை வடிவமைப்பாளர் வி. எம். கட்டகே, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் காற்றியக்கவியலின் தந்தையருள் ஒருவரான பிராண்டலிடம் பயின்றவர். ஒரு தலைமுறை இந்திய விமானிகள் அதில்தான் பறக்கப் பழகினர். ஆப்பிரிக்காவின் கானா நாட்டு விமானப்படைக்கும் சில சென்றன. அதன் எஞ்சின் மட்டும் பிரிட்டிஷ்காரர்களுடையது. அன்று அதை எவரும் குறையாகக் கருதவில்லை. சிறு எஞ்சின்கள் சந்தையில் தாராளமாகக் கிடைத்தன.

ஐம்பதுகளின் நடுவில் இந்திய விமானப்படை ஒரு துணிவான கோரிக்கையை முன்வைத்தது. ஒலியின் வேகத்தைப் போல் இருமடங்கு வேகம், 60,000 அடி உயரம், 500 மைல் போர் வீச்சு, தரைத்தாக்குதலுக்கும் வான்போருக்கும் ஒருங்கே பொருந்தும் அமைப்பு ஆகியவற்றைக் கொண்ட ஒரு போர்விமானம் வேண்டும் என்றது. அன்றைய வல்லரசுகளே திணறிக்கொண்டிருந்த அளவீடு அது. உள்நாட்டில் ஜெட் போர்விமானத்தை வடிவமைத்தவர் ஒருவரும் இல்லை. எனவே நேருவின் அரசு வெளியில் தேடியது. கிடைத்தவர் குர்ட் டாங்க்.

டாங்க், உலகப்போரில் ஜெர்மனியின் புகழ்பெற்ற ஃபோக்கவுல்ஃப் 190 போர்விமானத்தை வடிவமைத்தவர். தோல்விக்குப் பின் அர்ஜென்டினா சென்று பெரோனின் ஆட்சியில் ஜெட் விமானம் ஒன்றை உருவாக்கினார். 1955இல் பெரோன் வீழ்ந்ததும் அந்தத் திட்டமும் வீழ்ந்தது. மறு ஆண்டு தம் குழுவினருடன் இந்தியா வந்தார். அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் தாம் பயின்ற காலத்துப் பேராசிரியர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் டாங்கையும் குறிப்பிடுகிறார். நாஜி ஜெர்மனிக்குப் போர்விமானம் செய்தவரை அணிசேராக் கொள்கையின் நாடு அழைத்துக்கொண்டதில் உள்ள முரணை இன்று எவரும் சுட்டலாம். அமெரிக்காவும் ரஷ்யாவும் அதையேதான் செய்தன என்பது அதற்கு முழு விடையாகாது. ஆயினும் வேறு வழி இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

பெங்களூரில் அக்குழு வேலை செய்த முறை கருதத்தக்கது. எஞ்சின் இல்லாமலேயே முழு அளவில் மரத்தால் ஒரு மிதவை விமானம் செய்தனர். அதை டகோட்டா விமானத்தின் பின்னால் கயிற்றால் கட்டி வானுக்கு இழுத்துச் சென்று, அவிழ்த்துவிட்டு, அதன் பண்புகளை அளந்தனர். 1959 முதல் இத்தகைய பறத்தல்கள் நடந்தன. வடிவம் சரியென்று தெளிவான பின் உலோக விமானம் உருவாயிற்று. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் என்ற சோதனை விமானி அதை முதன்முதல் பறக்கவிட்டார். எச்.எஃப்.-24, பெயர் மாருத், வேதங்களில் வரும் காற்றுத் தேவரின் பெயர். ஆசியாவில் ஜப்பானையும் சோவியத் நாட்டையும் நீக்கிப் பார்த்தால், சொந்தமாக ஜெட் போர்விமானம் வடிவமைத்துப் பறக்கவிட்ட நாடு அன்று இந்தியாவே எனலாம். விடுதலைக்குப் பின் பதினான்கே ஆண்டுகள்.

இங்கேதான் அந்த மாணவரின் கேள்வி குறுக்கிடுகிறது. மாருத்தின் உடல், ஆர்ஃபியஸ் 12 என்னும் பிரிட்டிஷ் எஞ்சினை மனத்திற் கொண்டு வரையப்பட்டது. பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் அதை உருவாக்கிக்கொண்டிருந்தது. மறுஎரிப்பு வசதியுடன், அதாவது வெளியேறும் சூடான காற்றில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரித்துக் கூடுதல் உந்துவிசை பெறும் அமைப்புடன், அது ஒவ்வொன்றும் 8,170 பவுண்டு உந்துவிசை தரும் என்பது கணக்கு. விமானத்துக்கு இரண்டு எஞ்சின்கள். ஆனால் அந்த எஞ்சினில் மற்ற வாடிக்கையாளர்களுக்கு ஆர்வம் குன்றியது. உருவாக்கத்தைத் தொடர வேண்டுமானால் இந்தியா அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நிலை வந்தது. இந்தியா ஏற்கவில்லை. எஞ்சினும் கைவிடப்பட்டது.

மிஞ்சியது ஆர்ஃபியஸ் 703. நேட் என்னும் சிறிய போர்விமானத்துக்காகப் பெங்களூரிலேயே உரிமத்தின் பேரில் செய்யப்பட்டு வந்த எஞ்சினின் இனத்தைச் சேர்ந்தது அது. மறுஎரிப்பு இல்லை; உந்துவிசை 4,850 பவுண்டு மட்டும். ஒலியைப் போல் இருமடங்கு வேகத்துக்கென வரையப்பட்ட மாருத், நேர்ப்பறத்தலில் ஒலியின் வேகத்தையே தாண்ட இயலாத விமானமாகப் படையில் சேர்ந்தது. இறுகக் கட்டிய மல்லன் ஒருவனுக்குக் குழந்தையின் இதயத்தைப் பொருத்தியது போன்ற நிலை.

பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் பணம் தர மறுத்த முடிவைப் பிற்காலத்தில் பலரும் பழித்திருக்கின்றனர். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை என்று நாமும் முதலில் எண்ணினோம். ஆனால் அந்த ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1957-58இல் இந்தியா கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறக்குமதிகளையே வெட்ட வேண்டியிருந்தது. உணவுத் தானியத்துக்கே வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த அரசு, இன்னும் பிறக்காத ஓர் எஞ்சினுக்கு வேறொரு நாட்டின் நிறுவனத்திடம் பவுண்டுகளைக் கொட்டத் தயங்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. நம் குறை வேறு. பணம் தர இயலாது என்று முடிவெடுத்தவர்கள், அப்படியானால் எஞ்சினை எவ்வாறு பெறுவது என்ற கேள்விக்கு விடை தேடும் பொறுப்பை எவரிடமும் உறுதியாக ஒப்படைக்கவில்லை. உடலுக்கு ஒரு டாங்கை அழைத்து வந்தார்கள். எஞ்சினுக்கு அப்படி ஒருவரை அழைக்கவில்லை.

அதன்பின் நடந்தது ஒரு நீண்ட அலைச்சல். சோவியத் எஞ்சின்கள் பார்க்கப்பட்டன, பொருந்தவில்லை. எகிப்துடன் ஒரு கூட்டு முயற்சி நடந்தது. இது அதிகம் பேசப்படாத பகுதி. சற்று நின்று சொல்ல வேண்டும். நாசரின் எகிப்தும் இந்தியாவைப் போலவே ஒரு ஜெர்மானியரைக் கொண்டு போர்விமானம் செய்ய முனைந்திருந்தது. அவர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட். எஞ்சினுக்கு அவர்களிடம் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் இருந்தார். போருக்குப் பின் சோவியத் நாட்டில் பல ஆண்டுகள் எஞ்சின் வடிவமைத்த ஆஸ்திரியர். இந்தியாவிடம் உடல் இருந்தது, எஞ்சின் இல்லை. எகிப்திடம் எஞ்சின் உருவாகிக்கொண்டிருந்தது, அதைச் சோதிக்க விமானம் வேண்டும். 1964 மார்ச் 7 அன்று எகிப்தின் எச்.ஏ.-300 விமானத்தை முதன்முதல் பறக்கவிட்டவரே ஓர் இந்தியர்தான், கபில் பார்கவா. 1967 மார்ச்சில் ஒரு மாருத், ஒருபுறம் எகிப்தின் ஈ-300 எஞ்சினுடன் கெய்ரோவுக்கு அருகே ஹெல்வானில் பறந்தது. மூன்றே மாதங்களில் ஆறு நாள் போர் வந்தது. தோற்ற எகிப்து பொருள்வலிமை இழந்து, சோவியத் ஆயுதங்களையே முற்றிலும் சார்ந்தது. 1969இல் திட்டம் மூடப்பட்டது. ஏழை நாடுகள் இரண்டு கைகோத்து நடக்க முயன்றன, வழியிலேயே ஒன்று விழுந்தது என்பதற்கு மேல் இதில் எவரையும் குறைசொல்ல நமக்கு மனமில்லை.

உள்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 1959இல் கான்பூரில் தொடங்கி, பின்னர்ப் பெங்களூருக்கு மாறிய எரிவாயுச் சுழலி ஆய்வு நிறுவனம் (ஜி.டி.ஆர்.இ. என்றால் அத்துறையினர்க்கு விளங்கும்), ஆர்ஃபியஸ் 703க்கு மறுஎரிப்பு அமைப்பு ஒன்றை உருவாக்கியது. அது பொருத்தப்பட்ட சோதனை மாருத்தை 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் எடுத்துச் சென்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மாருத்தை முதன்முதல் வானில் ஏற்றியவர் அவர்தான். அன்று விமானம் வீழ்ந்து அவர் இறந்தார். பெங்களூரில் பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து தொழிற்சாலையின் பக்கமாகச் செல்லும் சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். போக்குவரத்து நெரிசலில் அச்சாலையில் நிற்போருள் எத்தனை பேர்க்கு அவர் யாரென்று தெரியும்?

இத்தனை குறைகளுடனும் மாருத் களத்தில் தோற்கவில்லை. 1971 டிசம்பர்ப் போரில் ராஜஸ்தான் முனையில் ஏறத்தாழ இரு வாரங்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட தாக்குதல் பறப்புகளை மேற்கொண்டது. தாழப் பறந்து தரைப்படைக்குத் துணைநின்றது. தரையிலிருந்து சுடப்பட்டு ஓர் எஞ்சின் செயலிழந்த பின்னும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பிய விமானங்கள் உண்டு. வான்போரில் எதிரி விமானத்திடம் ஒரு மாருத்தும் வீழவில்லை. விமானிகள் அதன் கையாளலைப் புகழ்ந்தனர். நான்கு பீரங்கிகளையும் ஒருசேரச் சுட்டால் மூக்குப்பகுதி கடுமையாக அதிர்ந்தது என்பது போன்ற குறைகளும் இருந்தன; தொடர்ந்து செப்பனிட்டிருந்தால் தீர்ந்திருக்கக் கூடியவை. மொத்தம் 147 செய்யப்பட்டன. 1977இல் உற்பத்தி நின்றது. 1990க்குள் எல்லாம் ஓய்வு பெற்றன.

மாருத்தை ஓரம்கட்டியது வேறொரு விமானம். 1962இல் சோவியத் நாட்டுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மிக்-21 வந்தது. வேகம் உண்டு, விலை குறைவு, ரூபாயில் வாங்கலாம், இங்கேயே செய்துகொள்ளவும் இசைவு தந்தனர். சீனாவிடம் தோற்ற நாட்டுக்கு இவை சிறிய காரணங்களல்ல. நாசிக்கில் உடலும், ஒரிசாவின் கோராபுட்டில் எஞ்சினும் செய்ய ஆலைகள் எழுந்தன. 1964இல் பழைய நிறுவனமும் புதிய மிக் நிறுவனமும் இணைந்து ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆயிற்று. காலப்போக்கில் அறுநூறுக்கும் மேற்பட்ட மிக்-21கள் இங்குச் செய்யப்பட்டன.

உரிமத் தயாரிப்பின் இயல்பை இங்கே சொல்ல வேண்டும். நம் ஏட்டுச்சுவடி மரபில் ஏடெழுதுவோர் உண்டு. பிழையின்றிப் படியெடுப்பவர், கையெழுத்து முத்துப்போல் இருக்கும். ஆனால் அவர் நூலாசிரியர் அல்லர். அந்தச் சொல் ஏன் அங்கு வந்தது, ஆசிரியர் எந்தச் சொற்களை எழுதிப்பார்த்து நீக்கினார் என்பது படியெடுப்பவருக்குத் தெரியாது. கோராபுட்டுக்கு வரைபடங்கள் வந்தன; உலோகக் கலவையின் விகிதமும் சூடாக்கும் முறையும் வந்தன. எப்படிச் செய்வது என்பது அவற்றில் இருந்தது. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதும், எத்தனை சோதனைகளில் எவை எவை வெடித்துச் சிதறின என்பதும் மாஸ்கோவிலேயே தங்கிவிட்டன. அங்கு உழைத்தோரின் திறமையைக் குறைக்கும் கருத்து நமக்கில்லை. அவர்கள் கற்றது வேறு பாடம் என்பதுதான் செய்தி.

டாங்க் 1967இல் நாடு திரும்பினார். எழுபதுகளில் மாருத்துக்குப் புதிய எஞ்சின் பொருத்தி மறுவடிவம் தரும் திட்டங்கள் தாளில் பிறந்து தாளிலேயே மறைந்தன. 1978இல் ஆழ் ஊடுருவல் தாக்குதலுக்கு ஜாகுவாரை வாங்க முடிவானதும் அந்தக் கணக்கு முடிந்தது. மரத்தால் மிதவை விமானம் செய்து அளந்த அந்த இளைஞர்கள் மூத்து ஓய்வு பெற்றனர். அவர்களுக்கு அடுத்துப் புதிய போர்விமானத்தை வடிவமைக்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்குக் கிட்டவில்லை. தம் ஆசிரியரிடம் கற்றதை மாணவருக்குச் சொல்லுமுன் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை, ஆசிரியப் பணியிலிருக்கும் நாம் அறிவோம். அறிவு நூலகத்தில் கிடக்கும், கைப்பழக்கம் போய்விடும்.

எண்பதுகளில் இலகு போர்விமானத் திட்டம் தொடங்கியபோது, ஆகவே, ஏறக்குறைய அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1984இல் அதற்கென ஒரு முகமை அமைந்தது. கோட்டா ஹரிநாராயணா திட்டத்தை வழிநடத்தினார். கணினி வழியே பறத்தலைக் கட்டுப்படுத்தும் முறை, கரிநார்க் கலப்புப் பொருளாலான இறக்கைகள் எனப் புதியனவற்றை நம்மவர் கற்றனர். 1998 மே மாதம் பொக்ரான் அணுச்சோதனை. அமெரிக்கா தடைவிதித்தது. அங்கே கட்டுப்பாட்டு மென்பொருளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த இந்தியப் பொறியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். திரும்பி வந்தவர்கள் அந்த வேலையை இங்கேயே செய்து முடித்தனர். 2001 ஜனவரி 4 அன்று விமானம் பறந்தது. 2003இல் வாஜ்பாயி அதற்குத் தேஜஸ் எனப் பெயரிட்டார். மாருத்தின் முதற்பறத்தலுக்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.

அன்று தேஜஸில் இருந்தது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்-404 எஞ்சின். தற்காலிக ஏற்பாடு என்றார்கள். அதற்கென உள்நாட்டில் உருவாகிவந்த எஞ்சினின் பெயர் காவிரி. பெயரைக் கேட்டதும் தமிழர்க்கு ஒரு கிளர்ச்சி எழுவது இயல்பு. ஆனால் இந்தக் காவிரி கடைமடை வரை வரவில்லை. 1989இல் ஏறத்தாழ 383 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அதற்கு இசைவு கிடைத்தது. இலக்கு 81 கிலோ நியூட்டன் உந்துவிசை, 1,100 கிலோ எடை. தணிக்கைத் துறையின் அறிக்கை வெளியான 2011 வாக்கில் கிடைத்திருந்தது எழுபதை ஒட்டிய உந்துவிசையும் 1,235 கிலோ எடையும். அதற்கு முன்பே, 2008இல், காவிரியைத் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள்.

இது ஏன் இவ்வளவு கடினம்? ஜெட் எஞ்சினின் சுழலியில் உள்ளங்கை அளவே உள்ள அலகுகள் வரிசையாக இருக்கும். அவற்றின்மேல் மோதும் காற்றின் வெப்பம், நவீன எஞ்சின்களில் 1,500 பாகை செல்சியஸைத் தாண்டும். அலகு செய்யப்பட்ட நிக்கல் கலவையோ ஏறத்தாழ 1,350 பாகையில் உருகிவிடும். உருக வேண்டிய சூட்டில், நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழன்றுகொண்டு, உருகாமலும் நீளாமலும் அது நிற்க வேண்டும். அலகின் உள்ளே நுண்ணிய குழாய்வழிகள் அமைத்துக் குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். மேலே சுடுமண் போன்ற காப்புப்பூச்சு இடுகிறார்கள். அதற்கும் மேலாக, முழு அலகையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். சாதாரண உலோகம் உறையும்போது எண்ணற்ற சிறு மணிகளாக உறையும். சூட்டில் அந்த மணிகளின் எல்லைகளிலேதான் விரிசல் காணும். எல்லையே இல்லாவிட்டால் விரிசலுக்கு இடம் குறைவு.

இத்தகைய அலகை வார்ப்பதற்கு முதலில் மெழுகில் உருச்செய்து, அதன்மேல் மண்பூச்சு ஏற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள். சோழர் காலத்து நடராசர் உருவானதும் மெழுகு கரைந்த வெற்றிடத்தில்தான். ஆயினும் இதைக்கொண்டு பழம்பெருமை பேசுவதில் நமக்கு ஈடுபாடில்லை. மெழுகு ஒன்றே, மீதியெல்லாம் வேறு. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஒற்றைப்படிக அலகுகளை வார்க்கும் திறனைப் பெற்று, ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக அறுபது அலகுகளை வழங்கியதாக 2021இல் அறிவிப்பு வந்தது. காவிரிக்கு இசைவு கிடைத்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆன பின்.

சோதிக்கும் இடமும் இல்லை. உயரத்தில், மெல்லிய காற்றில் எஞ்சின் எவ்வாறு இயங்கும் என்று பார்க்கத் தரையில் அமைக்கும் பெருஞ்சோதனைக்கூடமோ, ஓர் எஞ்சினைச் சோதனைக்கென மாட்டிப் பறக்கும் பெரிய விமானமோ நம்மிடம் இருக்கவில்லை. காவிரியை ரஷ்யாவுக்கு எடுத்துச் சென்று, 2010 நவம்பரில் அவர்களது இல்யூஷின்-76 விமானத்தில் மாட்டிப் பறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு பிழைக்கும் பெட்டி கட்டி மாஸ்கோ போய்வரும் நாட்டில், பிழைகளைத் திருத்தும் வேகம் எப்படி இருக்கும்?

எஞ்சின் ஏன் சொந்தமாக வேண்டும், வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் பிரேசிலின் சான்று இருக்கிறது. 1969இல் தொடங்கிய எம்ப்ரேயர் நிறுவனம் எஞ்சின் செய்ய முற்படவே இல்லை. பேண்டெய்ரான்டே என்னும் சிறு பயணிகள் விமானத்துக்குக் கனடிய எஞ்சினை வாங்கிப் பொருத்தியது. உடலை வடிவமைப்பதிலும் விற்பதிலும் கவனம் வைத்து, உலகின் பெரும் விமான நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. இது வலுவான வாதம். பயணிகள் விமானத்தைப் பொறுத்தவரை நாமும் ஒப்புகிறோம். ஆனால் பயணிகள் விமான எஞ்சினைப் பணம் உள்ளவர்க்கெல்லாம் விற்பார்கள். போர்விமான எஞ்சினை விற்பவர் நிறுவனம் அல்லர், அந்நாட்டு அரசு.

அண்மை ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் இதையே காட்டுகின்றன. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டில் 99 எஞ்சின்களுக்கு ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் சொல்லப்பட்டது. முதல் எஞ்சின் 2025 மார்ச்சில் வந்தது; ஏறத்தாழ ஈராண்டுத் தாமதம். நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய தொகுதியைத் தந்து முடித்த பின் இந்தியாவிடமிருந்து புதிய தேவை வராததால், அந்நிறுவனம் அந்த எஞ்சினின் உற்பத்தி வரிசையையே நிறுத்திவிட்டிருந்தது. மீண்டும் தொடங்கப் பிழையும் காலமும் பிடித்தன. ஆண்டுக்கணக்கில் முடிவெடுக்காமல் இருந்துவிட்டு, நாம் கேட்ட நாளில் பொருள் வரவில்லை என்று அமெரிக்கரை மட்டும் நோவது முறையாகாது.

2025 செப்டம்பர் 25 அன்று மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறுநாள், 26 அன்று, சண்டிகரில் கடைசி மிக்-21கள் விடைபெற்றன. மாருத்தை ஓரம்கட்டிய விமானம் அறுபத்திரண்டு ஆண்டுகள் பறந்து முடித்தபோது, அதன் இடத்தை நிரப்ப வேண்டிய விமானங்களுக்கு எஞ்சின் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. 42 படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய விமானப்படையில் 29 என்ற அளவே எஞ்சியது. தேஜஸின் முதற்படைப்பிரிவு 2018 முதல் நம் கோவைக்கு அருகே சூலூரில் இருக்கிறது. அப்பக்கம் செல்வோர் தலைக்கு மேலே அந்த ஒலியைக் கேட்டிருக்கக் கூடும். 2025 நவம்பர் 21 அன்று துபாய் வான்காட்சியில் ஒரு தேஜஸ் வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார்.

அடுத்த தலைமுறைப் போர்விமானத்துக்கான எஞ்சினைப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து இந்தியாவிலேயே உருவாக்கப் போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். இம்முறை எழுத வேண்டியது படியா, நூலா என்பது ஒப்பந்தத்தின் நுணுக்கங்களில் இருக்கிறது. இத்தகைய எஞ்சின் ஒன்று பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அரசுகள் மாறும், செலவுக் கணக்கு பலமுறை திருத்தப்படும், ஒரு சில சோதனைகளில் எஞ்சின் வெடிக்கவும் செய்யும். 1970இல் ஒரு விபத்துக்குப் பின் மறுஎரிப்பு மாருத்தைத் தொடராமல் விட்டது போல் மீண்டும் விட்டுவிடுவார்களா என்பதே நம் கவலை.

மாருத்தைக் காண விரும்புவோர் பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையிலுள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். இன்னொன்று ஜெர்மனியில், மியூனிக் நகரை அடுத்த ஷ்லைஸ்ஹைம் வானூர்தி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எகிப்தின் எச்.ஏ.-300 விமானமும் அதே கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.